பட்டாணி உரிக்கும் வகுப்பு

அறுபதுகளில் ஒரு காலை, பம்பாய் மாட்டுங்காவில் பஸ்ஸுக்காக கியூவில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

"பீஸ் கட்டி என் பொண்ணைப் பட்டாணி உரிக்க அனுப்பறேன், மாமி."

"ஸ்கூலுக்குன்னா அனுப்பறே?"

"புது மாதிரி ஸ்கூல். குழந்தை தனக்கு இஷ்டப்பட்டதைச் செஞ்சு, தானாவே கத்துக்கணுமாம். அவ இஷ்டம் பட்டாணி."

"அ, ஆ?"

"ஆசை வரச்சே வருமாம். ஆத்துக்காரருக்கு ஒரே கோபம்."

"எங்காத்துப் பையன் ஸ்ரீதரோட ஸ்கூல்ல பிரம்புதான். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்துலகூடச் சொல்றான். நாலு வாழைப்பழத்தை ரெண்டு பேருக்குப் பங்கு போடச் சொன்னா முழிக்கறான்."

"அதுவே தேவலைன்னு நேத்து பொண்ணை அந்த ஸ்கூல்லேர்ந்து நிறுத்தப் போனேன், மாமி. பெரிய டீச்சர் அவளையே 'அம்மாவோட போறியா?'ன்னு கேட்டா. அவ 'வரமாட்டேன்'னுட்டா. குழந்தை இஷ்டத்துக்கு விரோதமா அனுப்பமாட்டோம்னு என்னை மட்டும் திருப்பி அனுப்பிட்டா."

பஸ் வந்தது. மாமி படியில் காலை வைத்தபடி திரும்பினாள்.

"சாயங்காலமாவது வந்தாளோ?"

"டீச்சரெல்லாம் ஆத்துக்குப் போயாச்சு. வாட்ச்மேன் கேட்டைப் பூட்டறப்போதான் அவளுக்கு இஷ்டம் வந்தது."