தாலியில் கிடந்த ரோமக் காசு

விலை மதிக்க முடியாத அந்தக் காசுக்கு நான் போட்டுவைத்த விலை ஐயாயிரம் வெள்ளி. நியாயமான விலைதான், இன்ஸ்பெக்டர் ஐயா. ஈப்போ கடைத்தெருவில் பிறந்து தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலையூரான பிரிஞ்சாங்கில் நகைக்கடை வைத்தவன் நான். பொருளைப் பார்க்குமுன் வாங்குகிறவன் முகத்தைப் பார்த்துவிடுவேன்.

பழங்காசு ஆராய்ச்சிக்காகக் கோலாலம்பூரிலிருந்து வந்த விரிவுரையாளர் கிரகரியின் முகத்தில் பசி தெரிந்தது. எண்பத்திரண்டாம் வருடத் தொடக்கம். கொழுந்து பறிக்கும் இராசம்மா என் கடைக்கு அடகுத் தோடு மீட்க வந்தபோது, அவள் தாலியில் கோத்திருந்த ரோமானியப் பொற்காசைப் பார்த்துவிட்டார். கரூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிய மாமியார் வழிச் சொத்து அது.

"ராசா மொகத்துல வெட்டு இருக்கு பாத்தீங்களா, அது நம்ம தமிழ்நாட்டுல போட்டதுங்க. தண்ணியில வச்சு நிறுத்தா எவ்வளவு தங்கம்னு தெரிஞ்சிரும். கழுத்துல கெடக்கும்போது என்ன பண்றது? வெலை மதிக்க முடியாத பொருள்" என்றார் கிரகரி.

எங்கள் தெருவில் ஒருவன் அப்படிச் சொன்னால் பேரம் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் மூன்று முறை வந்தார். சும்மா பார்க்க எவன் தாப்பா ரோட்டு வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டு மலையேறுவான்?

இராசம்மாவிடம் நூறில் தொடங்கி எழுநூறுவரை போனேன்.

"தாலிக்கு வெலை கேக்குறீங்களே மொதலாளி, ஒங்க வீட்டம்மாது என்ன வெலை, சொல்லுங்க லா" என்று சிரித்தாள்.

கூடுதல் விலை சொன்னால் பொறுப்பேன். அடிமாட்டு விலை என்று ஏசினால் ரசிப்பேன். விலையே சொல்லாமல் போவது என் தொழிலின் முகத்தில் காறித் துப்புவது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவள் புருஷன் நாகப்பன், லோரி ஓட்டி, வியாபாரம் தெரிந்தவன். "நான் செத்தாத்தான் அது எறங்கும், மொதலாளி. அட்வான்ஸா ஒரு புட்டி குடுங்களேன்" என்றான்.

சிரித்துச் சொன்னாலும் வாக்கு வாக்குதான். புட்டி கொடுத்தேன். உள்ளே இருந்த சம்சுச் சாராயத்தில் களைக்கொல்லி கலந்திருந்தது. நாலு நாள் கிடந்தான். கள்ளச்சாராயம் கெட்டுவிட்டது என்று தோட்டமே நம்பியது. ஈமச்செலவுக்கு நானே கடனாகப் பணம் கொடுத்தேன். பதினாறாம் நாள் தாலி இறங்கியது. கடனுக்கு ஈடாக அவளே காசைக் கொண்டுவந்து வைத்தாள். அப்போதும் விலை கேட்கவில்லை.

கிரகரியை வரவழைத்தேன். காசைக் கையில் தொடாமல் நின்றார்.

"நான் வாங்க வரலைங்க. ஆடிப்பெருக்குக்குத் தாலிக் கயிறு மாத்தறப்ப ஒரு மணி நேரம் கையில தர்றேன்னு அந்தம்மாவே சொல்லியிருந்தாங்க."

"எவ்வளவுக்கு?"

"சும்மாதாங்க."

சும்மா. எனக்கு எழுநூறுக்கு மசியாதவள் இவனுக்குச் சும்மா.

"ஒரு உசிரச் செலவு பண்ணியிருக்கேன்யா. வாங்க வரலைங்கிற?" என்று சொல்லிவிட்டேன். வாங்க வந்தவனிடம் சரக்கின் அடக்க விலையைச் சொன்னது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். நீங்கள் என் கடைக்கு வந்ததும் அதனால்தான்.

நாகப்பனைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள். கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். சவப்பெட்டி, லோரி வாடகை, பதினாறாம் நாள் சாப்பாடு எல்லாம் முந்நூற்று எண்பது வெள்ளி. காசைத் தங்க விலைக்கு எடுத்த வகையில் இருநூற்றுப் பத்து வரவு. மீதி நூற்று எழுபதை இராசம்மா இன்னும் கட்டவில்லை.