மலாய்க்கார அக்காவின் சட்டி

2025 மார்ச் 18, செவ்வாய், மாலை 5.10, தூறல். பதுளையில் கொஸ்லந்த பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா, மடியில் மூடிய சட்டி.

நான் இறங்க வேண்டிய பெரகல நெருங்கும்போது, “சட்டிக்கும் டிக்கட் எடுக்கணும் அக்கா,” என்று சிரித்தார் கண்டக்டர்.

“கொழும்புல, கொம்பனித்தெருவுல இருந்தப்ப, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா நோன்புக் கஞ்சி குடுத்த சட்டிங்க. வெறுஞ்சட்டியா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு நாளைக் கடத்திட்டேன். அதுக்குள்ள எங்க வீட்டு வரிசையையே இடிச்சிட்டாங்க. அக்கா பதுளையில மகன் வீட்டுல இருக்காங்கன்னு கேள்விப்பட்டு, இன்னிக்குப் பலகாரம் சுட்டு எடுத்துக்கிட்டு வந்தேன்.”

“அப்ப ஏன் குடுக்கலை?”

“போன மாசமே மௌத்தாயிட்டாங்களாம், அடக்கமும் பண்ணிட்டாங்களாம்.”

கண்டக்டர் சிரிப்பை நிறுத்தினார்.

“மகன்கிட்டக் குடுத்தேன். வெறுஞ்சட்டியா அனுப்பினா அம்மா ஏசுவாங்கன்னு, கஞ்சி ஊத்தித் திருப்பிக் குடுத்துட்டாரு.”

சட்டியை அணைத்தபடி அவர் அழுதார். பார்த்துக்கொண்டே இருந்ததில் பெரகலயில் இறங்கத் தவறிவிட்டேன். கொஸ்லந்தயிலிருந்து திரும்ப பஸ் இல்லை. ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.