மூன்றாவது ஓலை

“ஓடிப்போனவனுக்காக இன்னும் எத்தினி நாளு வாசலைப் பாத்துக்கினு குந்தியிருப்பே?”

விக்டோரியாவிடம் ராஜமாணிக்கம் இப்படிக் கேட்டபோது அவனுக்கு இருபது வயது. அடுத்த வருடம் அவனையே கட்டிக்கொண்டாள்.

இதோ உட்கார்ந்திருக்கும் நம் மெர்சியின் கொள்ளுத் தாத்தா ராஜமாணிக்கம் வீட்டில் நடந்தது இது. கரண்ட் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டிய கதை. கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்.

விடியற்காலை நாலு மணி. புதுவாயல் ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை... ஜப்பான்காரன் சண்டை நடந்த காலம். வீட்டுக்கு ஒரு ஆளைப் பட்டாளத்து வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று காலனியில் பண்ணையார் சொல்லிவிட்டார். ராஜமாணிக்கத்தின் அண்ணன் சாலமோனை லாரியில் ஏற்றினார்கள். அன்று சனிக்கிழமை. சாலமோனுக்கும் விக்டோரியாவுக்கும் கல்யாணம் பேசி, கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு பூசையில் இரண்டு பேர் பெயரையும் வாசித்த பிறகுதானே தாலி... மறுநாள் மூன்றாவது.

ஈரக் கித்தான் நாற்றம். பெட்ரோல் நாற்றம். லாரியின் பின்பலகைச் சங்கிலி ணங்கென்று மாட்டியது. சாலமோன் குனிந்து தம்பியின் தோளைப் பிடித்தான்.

“மூணாவது ஓலையை நிறுத்தி வெக்கச் சொல்லுடா. வந்துடறேன்னு அவளாண்ட சொல்லு.”

ராஜமாணிக்கம் சொல்லவில்லை. கல்யாணம் பிடிக்காமல் அண்ணன் தானாகவே பட்டாளத்துக்கு ஓடிவிட்டான் என்றுதான் ஊரெல்லாம் சொன்னான். அவளிடமும்.

சாலமோன் திரும்பவே இல்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், தலை நரைத்தது. ராஜமாணிக்கத்தின் மனசு மட்டும் ஆறவில்லை. வாசலில் லாரி சத்தம் கேட்டால் விக்டோரியாவின் தலை திரும்பும். உடனே அவர் அவள் முகத்தைப் பார்ப்பார். முதல் பேரனுக்கு அவள் சாலமோன் என்று பெயர் வைத்தாள். “சாலமோனு, துன்ன வா” என்று அவள் கூப்பிடும் குரலில் ஒரு குழைவு இருக்கும். ஒரு நாளும் தன்னை அந்தக் குரலில் கூப்பிட்டதில்லையே என்று அவருக்கு வயிறு எரியும். உயிரோடு இருப்பவன் என்றால் சண்டை போடலாம். செத்தவனோடு...?

சுனாமிக்கு முந்தின வருடம் அந்தப் பேரனுக்குக் கல்யாணம். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை. இரண்டு ஓலை வாசித்திருந்தார்கள். அந்த வாரம்தான் சாமியார், சண்டைக்குப் போனவர்கள் பெயரைக் கல்லில் வெட்டப்போகிறேன், விவரம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். பேரன் தகரப் பெட்டியைக் கவிழ்த்தான். ஞானஸ்நானச் சீட்டுகளுக்கு அடியில் ஒரு பழுப்புக் காகிதம். “இத்தை வெச்சிரு, உன்னைக் கூப்பிட மாட்டாங்கோ” என்று அன்றைக்குப் பண்ணையார் கொடுத்தது. பயத்தில் ராஜமாணிக்கம் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அதுவோ இங்கிலீஷ்.

பேரன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“தாத்தா, பெரிய தாத்தா இஷ்டப்பட்டுப் போவல. ஊட்டுக்கு ஒரு ஆளுன்னு புடிச்சிக்கினு போயிக்கீறாங்கோ. இந்த ஊட்டுல ஆளு குட்தாச்சி, இனிமே கேக்கக் கூடாதுன்னு எழுதிக்கீது.”

அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த விக்டோரியாவின் கை நின்றது. அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டாள். அவ்வளவுதான்.

ஞாயிறு. எல்லோரும் பூசைக்குக் கிளம்பினார்கள். அவள் மட்டும் தலைக்குக் குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, பாயில் உட்கார்ந்திருந்தாள்.

“மூணாவது ஓலையன்னிக்குப் பொண்ணு கோயிலுக்கு வரக் கூடாதில்ல” என்றாள்.

காலனியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. உனக்கா பாட்டி கல்யாணம் என்று பேரன் கிண்டல் பண்ணினான். வீடே சிரித்தது. ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை.

கோயிலில் சாமியார் “சாலமோன்...” என்று வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ராஜமாணிக்கம் எழுந்தார். என்ன சொல்வது? உட்கார்ந்துவிட்டார்.

அன்று ராத்திரி கரண்ட் போனது. இதே மாதிரிதான், காற்றே இல்லை. தூரத்தில் ஒரு லாரி... கம்பெனி லாரி சத்தம் அவருக்குத் தெரியும். இது அதுவல்ல. இருமி இருமி வந்தது. வீட்டு வாசலில் நின்றது. ஈரக் கித்தான் நாற்றம். பெட்ரோல்.

ணங்... சங்கிலி அவிழ்ந்தது.

தாழ்ப்பாள் நீங்கும் சத்தம். வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ, வாசற்படியில் வெள்ளைப் புடவை தெரிந்தது.

“நான் உன்னோட வாழ்ந்ததெல்லாம் இன்னா அப்போ?” என்றார். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார். அழுகைதான் வந்தது.

எழுந்திருக்கப் பக்கத்துப் பாயில் கையை ஊன்றினார். கையில் தலைமயிர் பட்டது. விக்டோரியா அங்கேதான் படுத்திருந்தாள். நெற்றி சில்லென்றிருந்தது. கழுத்தைத் தடவினார்... வெறும் கழுத்து. தாலி அவருடைய தலையணைமேல் இருந்தது.

வாசற்படியில் நின்றவள் திரும்பினாள். இளம் வயசு முகம். அவரைப் பார்த்தாள். லாரியின் இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.