இரண்டாகத்தான் தருவோம்

எலி நாறும் என்பது எலி வளர்க்காதவர்கள் சொல்வது. கூண்டின் அடியில் போட்ட காகிதத் துகளை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றினால் லேசாகச் சோற்று வாசனைதான் வரும். நாறுவது வளர்க்கிறவரின் சோம்பல். எலி கேட்டு வருகிற எல்லோரிடமும் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். உங்களிடமும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், தெங் மேடம். என் வீட்டுக்குள் வந்தபோது நீங்கள் மூக்கைச் சுளித்ததைப் பார்த்தேன். அது எலி வாசனை இல்லை. மீன் உருண்டை செய்கிற ஆலைக்கு அக்கா போட்டுக்கொண்டு போகிற வேலைச் சட்டை.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். நான் எப்போதும் நிதானமாகத்தான் சொல்வேன். தட்டச்சு செய்கிற தம்பிக்குக் கை வலித்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பாம்பு வளர்த்த ஒருவன் இந்தக் கீலுங் ஊரை விட்டுப் போகும்போது, தீனிக்கு வைத்திருந்த ஆறு எலிகளைச் செருப்புப் பெட்டியில் போட்டுத் துறைமுகப் பேருந்து நிறுத்தத்தில் வைத்துவிட்டுப் போனான். அக்காதான் மழையில் நனைந்த பெட்டியைத் தூக்கி வந்தாள். தூக்கி வந்தது மட்டும்தான் அவள். படித்ததும், கூண்டு கட்டியதும், ஆண் பெண் பார்த்துப் பிரித்ததும், தத்து கேட்டு வந்தவர்களின் வீட்டுக்கே போய்ச் சோதித்ததும் நான். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்கு நேரம் இருந்தது. அதன்பிறகு ஊரில் யார் எலியைக் கைவிட்டாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. இதுவரை இருநூற்றுப் பதினான்கு எலிகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

எனக்குச் சில விதிகள் உண்டு. முதல் விதி, ஒற்றையாகத் தரமாட்டேன். எலி தனியாக இருக்கப் பிறந்ததில்லை. ஒன்றின் கழுத்தை இன்னொன்று நக்கிவிட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்க வேண்டும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் எலிகள் என்றால் இன்னும் நல்லது. சண்டை இருக்காது, சாகும்வரை பிரியாது.

ஆனால் இரண்டும் ஒரே நாளில் சாவதில்லை. அங்கேதான் பிரச்சினை. எள்ளு என்று ஒருத்தி செத்தபோது அவளோடு பிறந்த சேம்பு மூன்று நாள் கூண்டின் மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தது. தெரியாதவர்கள் ரத்தம் என்று பயப்படுவார்கள். ரத்தம் இல்லை, எலிக்கு மனசும் உடம்பும் சரியில்லாதபோது வருகிற நீர். வேறு கூட்டத்தில் விடலாம் என்று அக்கா சொன்னாள். வயதான எலியைப் புதுக் கூட்டத்தில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சேம்புவை மருத்துவரிடம் கொண்டுபோய் எள்ளுவோடு அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து அதுவும் ஒரு விதியானது. மூன்றாவது முறை போனபோது மருத்துவர் முடியாது என்றுவிட்டார். நல்ல உடம்போடு இருக்கிற உயிரைக் கொல்வதற்கு நான் படிக்கவில்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அதற்கப்புறம் நானே பார்த்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் அப்படி அனுப்பிவைக்க நான் கையில் எடுத்து வைத்திருந்த எலி, அவள் நீட்டிய பட்டாணியை வாங்கித் தின்றுவிட்டது.

"இதுக்கு இன்னும் பசிக்குதுடி ஆச்சின்" என்றாள்.

பசிக்கிறது என்பதற்காக ஒரு உயிரைத் தனியாக விட்டுவைப்பதா? அக்கா இளகிய மனசுக்காரி. இளகிய மனசுக்காரர்களுக்கு முழுசாக யோசிக்கத் தெரியாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் யோசித்தேன். அப்பா அம்மா போன பிறகு பத்தொன்பது வருஷம் அப்படித்தான் இருந்தோம். அவளுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்தேழு.

ஜுவாங்கை வீட்டுக்குள் விட்டது நான்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. இழுவைப் படகில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹெபிங் தீவில் சொந்த வீடு. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஒண்ணு போதும்மா. நானும் ஒத்தை, அதுவும் ஒத்தை. சரியாப்போச்சு" என்றார்.

"நாங்க ஒத்தையா குடுக்கறதில்லைங்க. இரண்டாத்தான் தருவோம்."

உள்ளேயிருந்து அக்கா சிரித்தாள். "ஆச்சின், எலிக்கு ஜோடி பாக்குற. வந்து நிக்கிற மனுசனுக்கு யாரு பாக்குறது?"

அவர் காது சிவந்துவிட்டது. நான் வழக்கம்போலப் படிவத்தை நீட்டினேன். ஒரு வாரம் கழித்து வீட்டைச் சோதிக்கப் போனபோது அக்காவும் கூட வந்தாள். வீடு சுத்தமாகத்தான் இருந்தது. கடல் பக்கம் பெரிய ஜன்னல், நல்ல காற்று. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால் இரண்டு பெண் எலிகளைக் கொடுத்தேன். தத்தெடுத்தவர்கள் மாதம் ஒருமுறை எலிகளின் படம் அனுப்ப வேண்டும், அதுவும் விதி. ஜுவாங்குக்குக் கைப்பேசியில் படம் எடுக்க வராது. எடுத்தால் கட்டைவிரல்தான் விழும். அதனால் எலிகளைக் கூடையில் வைத்து நேரிலேயே கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தார். மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறை ஆனது. அவர் வருகிற நாட்களில் அக்கா கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். மீன் வாசனை இருந்தால் எலி விரலைக் கடித்துவிடும் என்று என்னிடம் காரணம் சொன்னாள். எட்டு வருஷமாக ஒருமுறைதான் கழுவிக்கொண்டிருந்தவள்.

புத்தாண்டுக்கு ஆறு வாரம் இருக்கும்போது சொன்னாள். இருவரும் சேப்பங்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தோம்.

"புது வருசத்துக்கு முன்னாடி ஜுவாங் வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். கல்யாணத்தப் பதிவும் பண்ணிக்கிறோம்."

"சரி" என்றேன்.

"பஸ்ல இருவது நிமிசம்தான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே."

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கிழங்கை உரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் நினைத்தது அவளைப் பற்றித்தான். ஐம்பத்தொரு வயதில் வேற்றுக் கூட்டத்தில் போய் விழுகிறாள். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், மருமகன் இருக்கிறான், செத்துப்போனவளின் படம் சுவரில் இருக்கிறது. முதல் வாரம் முகர்ந்து பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் மூலைக்குத் தள்ளுவார்கள். அப்புறம் கடிப்பார்கள். நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். காதில் பாதி இல்லாமல் திரும்பி வந்த எலிகளை நான்தான் மடியில் போட்டு மருந்து தடவியிருக்கிறேன். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு எலியைக் கொண்டுபோக என்னிடம் நான்கு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் அக்காவைக் கொண்டுபோக அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறு வாரமும் நான் அன்பாகவே இருந்தேன். அவளுக்கு இரண்டு மேல்சட்டை தைத்தேன். "ஞாயித்துக்கிழமை தீவுக்கு வாயேன், ஒண்ணு காட்டணும்" என்று நாலைந்து தடவை கூப்பிட்டாள். திரைச்சீலையோ கட்டிலோ வாங்கியிருப்பாள் என்று நினைத்தேன். போகிற வீட்டின் கட்டிலை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? தையல் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பின் பால்கனியை நீங்கள் பார்த்தீர்கள். இந்த ஊர் மழைக்கு எல்லா வீட்டிலும் போலக் கண்ணாடி ஜன்னல் வைத்து அடைத்தது. அங்கேதான் துணி காயப்போடுவோம், வெந்நீர் போடுகிற எரிவாயுக் கருவியும் அங்கேதான் இருக்கிறது. குளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவி விடுகிற விஷவாயு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு குளிர்காலமும் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். நாங்கள் கை அகலம் திறந்தே வைத்திருப்போம். மழைச் சாரல் அடித்தாலும் மூடமாட்டோம். அக்கா மத்தியானம் இரண்டு மணிக்கு வேலையிலிருந்து வந்து நேராகக் குளிக்கப் போவாள். மீன் வாசனை போகும்வரை, அரை மணி நேரம், சுடச்சுட.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. அவள் வந்தாள், குடையை விரித்து வைத்தாள், குளியலறைக்குள் போனாள். நான் பால்கனி ஜன்னலை மூடினேன். பால்கனியிலிருந்து சமையலறைக்கு வருகிற கதவைத் திறந்து வைத்தேன். பிறகு மேல்மாடி ஹுவாங் அத்தை வீட்டுக்குப் போய்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நறுக்கிக் கொடுத்தேன். அத்தைக்குக் காது கேட்காது, ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. தன் கொழுந்தன் வாங்கிய நிலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மணிக்குக் கீழே வந்து எல்லா ஜன்னலையும் திறந்தேன். அதற்கப்புறம்தான் குளியலறைக் கதவைத் தட்டினேன். தட்டத் தேவையில்லை, பழக்கம். அவள் முகத்தில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை. கன்னம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவளாகத்தான் இருந்தாள். துண்டால் துடைத்து, நான் தைத்த சட்டையைப் போட்டுவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

ஜன்னல் மூடியிருந்தது, வந்ததும் நான்தான் திறந்தேன் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். மழைக்கு ஜன்னலை மூடியிருக்கிறாள், பாவம், என்றார்கள். உங்கள் பெரிய அதிகாரி எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஜுவாங் வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் ஒரு துண்டு கொடுத்தேன்.

நீங்கள் மட்டும்தான் காலியாக இருந்த கூண்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

"எலியெல்லாம் எங்க, அக்கா?" என்று கேட்டீர்கள். யாரும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் நான்தானே சின்னவள்.

"மேல, ஹுவாங் அத்தை வீட்ல."

"எப்பக் கொண்டு போனீங்க?"

"ஒண்ணரைக்கு. அவ வர்றதுக்கு முன்னாடி."

"தினமும் கொண்டு போவீங்களா?"

இல்லை என்று சொன்னேன். எலியைப் பற்றி யார் என்ன கேட்டாலும் எனக்குப் பொய் சொல்ல வராது. பதினோரு எலிகள், மூன்று கூண்டு. இரண்டு மாடி ஏற்ற மூன்று தடவை நடந்தேன், முழங்கால் இன்னும் வலிக்கிறது. எலியின் நுரையீரல் விரல் நகம் அளவுதான். இருமல் வந்தாலே பாதி செத்துவிடும். அதுகளை எப்படி அங்கே விட்டுவைப்பது? நீங்கள் குறிப்பேட்டை மூடிவிட்டு என்னையே பார்த்தீர்கள். அப்படிப் பார்க்கத் தேவையில்லை, மேடம். நீங்களாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள்.

ஆக, நான்தான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கோபத்தில் செய்யவில்லை, ஆசையில் செய்யவில்லை. எனக்காகவும் செய்யவில்லை. அவள் நன்மைக்காகச் செய்தேன். அதை மட்டும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் தீவுக்குப் போய்விட்டு வந்து சொன்னதையும் இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். கடல் பக்கத்து அறையில் ஜுவாங் தன் தூண்டில் சாமான்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு ஒரு ஒற்றைக் கட்டில் போட்டிருக்கிறார் என்றீர்கள். தையல் இயந்திரத்துக்கு ஜன்னலோரம் மேசை. சுவர் நீளத்துக்கு மூன்று தட்டு மர அலமாரி, என் கூண்டுகளின் அகலத்துக்குச் சரியாக. நான் இல்லாத சமயம் பார்த்து அக்கா நூல் பிடித்து அளந்திருக்கிறாள். முதலில் சொன்னால் நான் முடியாது என்றுவிடுவேன், நேரில் காட்டினால்தான் வருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். தங்கச்சியை ஒற்றையாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்பதுதான் அவருக்கு அவள் போட்ட ஒரே நிபந்தனையாம்.

எனக்கு அவள்மேல் வருத்தம்தான். ஆறு வாரம் இருந்தது. அந்த வியாழக்கிழமை காலையில், கஞ்சி குடிக்கும்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஜன்னலை நான் மூடியிருக்கவே மாட்டேன்.