மூன்றாம் சிம்பொனியின் ஒரே நாடா

மிஸ்டர் ஃபென்விக், நீங்கள் வெளியிடும் இசைத்தட்டோடு வரும் சிறு புத்தகத்துக்கு அரைப் பக்கம் கேட்டிருந்தீர்கள். அந்த ஒலிநாடாவைப் பதிவு செய்த கதையை நானே எழுதினால் நன்றாயிருக்கும் என்றீர்கள். எழுதுகிறேன். அச்சிடுவது உங்கள் பாடு.

கத்பர்ட் ஓல்ராய்டை எங்கள் ஹாலிஃபாக்ஸிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. சாயப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே மூன்று சிம்பொனி எழுதிய மனிதர். மூன்றாவதை வானொலியில் ஒரே ஒருமுறை, 1967 மார்ச்சில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஒலிபரப்பினார்கள். பிறகு தங்கள் நாடாவை அழித்து அதன்மேல் வேறெதையோ பதிந்துகொண்டார்கள். கலையைக் காப்பாற்றிய லட்சணம் அது. உலகத்தில் மிஞ்சியது நான் வீட்டில் எடுத்த பதிவு ஒன்றுதான்.

அந்த மத்தியானம்தான் என் மனைவி மியூரியல் இறந்தாள். ஆஸ்துமா. வானொலிக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்வேன், அதனால் வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லை, அவள் கூப்பிடவே இல்லை, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். இசைச் சங்கத்தார் கண்கலங்கினார்கள். மகள் ஹிலரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல என்னப்பா தப்பு? அம்மா கூப்பிட்டிருந்தா நீங்க ஓடியிருக்க மாட்டீங்களா?" என்றாள். முப்பது வருஷமாக ஞாயிறுதோறும் வந்து எனக்குச் சமைத்துப் போடுகிறாள். நீங்கள் இதை அச்சிட்டால் அவளும் படிப்பாள்.

மியூரியல் கூப்பிடவில்லை என்பது உண்மை. கதவருகே வந்து நின்றாள். அவளுடைய மருந்து என் மேஜைமேல் இருந்தது, அதைக் கைகாட்டினாள். இரண்டாம் பகுதி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. நான் உதட்டில் விரல் வைத்தேன். தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள், பழக்கதோஷம். நான் எழுந்து கதவைச் சாத்தினேன். இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருந்தது. கைதட்டல் ஓய்ந்து அறிவிப்பாளர் ஓல்ராய்டின் பெயரைச் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சத்தம் விழுந்தாலும் பதிவு பாழாகியிருக்கும் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி நம்பியும்விட்டேன். போன வாரம் நீங்கள் தொலைபேசியில், "சுத்தமான பதிவு சார். அறைச் சத்தமே இல்ல. இது மைக்ல பிடிச்சதில்ல, ரேடியோவிலேருந்து ரெக்கார்டருக்கு நேரா வயர் போட்டு எடுத்தது, இல்லையா?" என்று கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

ஆமாம், வயர்தான். அறையில் யார் பேசினாலும், ஓடினாலும், விழுந்தாலும் நாடாவில் ஏறாது. அந்த வயர் முந்தின கிறிஸ்துமஸுக்கு மியூரியல் வாங்கித் தந்தது. "இனிமேலாவது என் வீட்ல நான் இருமலாமில்ல?" என்று கேட்டுச் சிரித்தாள்.

எழுந்து அந்த மருந்தைக் கொடுத்திருந்தால் பதிவுக்கு ஒரு கேடும் வந்திருக்காது. எனக்குத்தான் நடுவில் இரண்டு நிமிஷ இசை விட்டுப் போயிருக்கும். அதையும் அன்று சாயங்காலமே நாடாவில் கேட்டிருக்கலாம்.