ஆடி முடியட்டும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"படாளத்துக்காரு சொந்த வூட்டையே இன்னும் விக்கல. நம்ம வூட்ட எப்டி வாங்குவாரு? வேணாம்னு சொல்லிடு."

"ஆடி முடிஞ்சதும் வித்துடும்னு சொல்றாருங்க. நமக்கு வேற ஆளும் வரல."

"அத்த நம்பி காத்துகினு இருக்க நான் இன்னா இளிச்சவாயனா?"

"நாம வாங்கப்போற திருவிடந்தை வூட்டுக்காரம்மாகிட்ட நீங்க இன்னா சொன்னீங்க? ஆடி முடிஞ்சதும் எங்க வூடு வித்துடும்னுதான?"

மனைவியின் கைபேசி அடித்தது.

"அந்தம்மாதான். வேற ஆளு கேக்கறாங்கன்னு நேத்தே சொன்னாங்க. இப்ப இன்னா சொல்ல?"

அடித்து ஓயும் நேரத்தில் கணவர் சொன்னார்: "ஆடி முடியட்டும்னு சொல்லு. நம்பச் சொல்லு."