எழுதக்கூடாத நாள்

— பேனாவை அங்கேயே வை, ஹாபு. சரஸ்வதி காலடியில வச்சதை, பூஜை முடியறதுக்குள்ள எடுப்பியா?

— நான் வைக்கலையே அண்ணா. என் மேஜையிலேர்ந்து எடுத்து நீங்கதான் வச்சீங்க. காகிதக் கட்டையும் சேர்த்து.

— என் பேரனோட ஸ்லேட்டுகூட அங்கதான் இருக்கு. கிருஷ்ணாநகர்ல இன்னிக்கு எவனும் ஒரு எழுத்து எழுதமாட்டான். ஐயா மட்டும் நாவல் ஆரம்பிக்கறாராம்.

— முதல் நாவலாச்சே, நல்ல நாளாப் பார்த்தேன்.

— இருபது வருஷம் எழுதிப் பழகினவன், வருஷத்துல எழுதக்கூடாத ஒரே நாளாப் பார்த்துப் பிடிச்சிருக்கான். இந்த அழகுல நாவல் வேற.

— சின்னப் பசங்களுக்கு இன்னிக்குத்தானே கையைப் பிடிச்சு முதல் எழுத்து போட வைக்கறோம்?

— ஓ, நீ சின்னப் பையனா? அப்ப வா, மடியில உக்காரு. மீசை நரைச்சாச்சு உனக்கு. கல்லாவுல உக்காந்து மிட்டாய்ப் பெட்டி அட்டையில எழுதித் தள்ளினியே, அதையெல்லாம் எவன் படிச்சான்?

— படிக்கறதுக்கு எழுதலை. கை பழகறதுக்கு எழுதினேன். ஒரு ஆள் எப்படி நடக்கறான், எப்படிப் பேசறான், எப்படிப் பொய் சொல்றான்னு.

— பொய்க்கு எதுக்குய்யா பழக்கம்? எங்கிட்ட கேட்டிருந்தா நம்ம பால்காரனை அனுப்பியிருப்பேனே.

— நல்லா இருக்கு. நாளைக்கு எழுதி வச்சுக்கறேன்.

— நக்கலா? சரி, இத்தனை வருஷம் என் கடையில, என் சோத்தைத் தின்னுக்கிட்டு, என்னத்தைத்தான் எழுதப் போறே? நேரா சொல்லு. சுலதா விஷயமா?

— ஆமா.

— தெரியும். மருந்துக் கடைக்காரன் போன வாரமே கேட்டான், உங்க தம்பி உங்க வீட்டுக் கதையை எழுதறாராமேன்னு. கேட்டுக்கோ ஹாபு. அவ அப்பன் நம்ம கடையில அடுப்பு எரிச்சவன். அந்த வீட்டுல உனக்குப் பொண்ணு எடுக்க வேண்டாம்னேன். இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

— சொல்வீங்க.

— நான் அவங்க வாசல்ல நின்னு கத்தினது, அப்பனையும் பொண்ணையும் ஊரைவிட்டே துரத்தினது, எல்லாம் அச்சுல வரணுமா? கடைக்கு வர்றவன் சர்புரியா மிட்டாய் வாங்குவானா, என் மூஞ்சியைப் பார்ப்பானா?

— அதெல்லாம் வராது.

— யார்கிட்ட கதை விடறே? இருபது வருஷம் மனசுல வச்சுக் கறுவிக்கிட்டு என்னைச் சும்மா விட்டுடுவியா? எவ்வளவு கேவலமா எழுதணுமோ எழுதிக்கோ. பேரை மட்டும் மாத்திடு.

— மாத்த வேண்டியதில்லை. நீங்க அதுல இல்லை.

— இல்லைன்னா?

— எங்கேயும் இல்லை.

— அவ இருக்கா, கடை இருக்கு, நீ இருக்கே. நான் இல்லையா? அப்பா போனப்புறம் உன்னைத் தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவன்டா நான். ஒரு மூலையில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கற ஆளாக்கூட வேண்டாமா? கெட்டவனாவே போடேன்.

— போட்டுப் பார்த்தேன் அண்ணா. நீங்க உள்ள வந்ததுமே அவ ஊரைவிட்டுப் போயிடறா. இத்தனை வருஷமா அதைத்தான் எழுதி எழுதிக் கிழிச்சேன்.

— அதுக்கு?

— இந்தக் கதையில அவனுக்கு அண்ணனே பொறக்கலை. அதனால கல்யாணம் நடந்துடுது.